உதைக்காத துப்பாக்கி

சாண்ட்ஸ்டோன் கிரீக், மொன்டானா
14 செப்டம்பர் 1986

அன்புள்ள ஓரின்,

அலாஸ்காக் கடலும் உன் மீன்பிடிப் படகும் உன் கைகால்களை முழுசாக விட்டு வைத்திருக்கின்றன என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே இருக்கிறோம். அப்பா மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். ஜூலைக்குப் பிறகு மழை இல்லை.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இந்தக் கோடையில் கொயோட்டி ஓநாய்கள் ஒன்பது ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோய்விட்டன. போன வாரம் ஒன்று பட்டப்பகலில் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்று என்னையே பார்த்தது. கல்லை எடுத்து வீசினேன். அது கொட்டாவி விட்டுவிட்டு மெதுவாக நடந்து போனது. எனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும். கொயோட்டிக்கும் ஆக வேண்டும், நவம்பரில் குளிர்காலக் கறிக்கு ஒரு மான் அடிக்கவும் ஆக வேண்டும். இரண்டு வாங்க வழியில்லை. விலை குறைவாக, பழையதாக இருந்தாலும் சரி. முக்கியமாக, தோளில் உதைக்கக் கூடாது. எந்தக் காலிபர், அதாவது எந்தக் குண்டளவு சரிப்படும்?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. ஊர்த் தபால் நிலையத்துக்கு என் பெயரில் போடு. சாலையோரப் பெட்டியை அப்பாதான் திறக்கிறார், கடிதங்களை எங்கேயோ வைத்துவிடுகிறார்.

ஈரக் காலுறையோடு தூங்காதே.

உன் அக்கா,
வெர்னா


கோடியாக், அலாஸ்கா
2 அக்டோபர் 1986

அன்புள்ள அக்கா,

கைகால் எல்லாம் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் கையெழுத்தைப் பார்த்து முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். கோழி நடந்த சேற்றைப் போல இருக்கிறது. டிராக்டர் ஓட்டிக்கொண்டே எழுதினாயா?

அதைவிட ஆச்சரியம், நீ துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்பது! அப்பாவின் அலமாரியில் ஐந்து துப்பாக்கிகள் தூங்குகின்றனவே. அந்த .270 ஒன்றே போதுமே. கிழவர் கொடுக்க மாட்டேன் என்கிறாரா? அவருடைய பைபிளைக் கேட்டால்கூடக் கொடுப்பார், அதைக் கொடுக்க மாட்டார், தெரியும். இருந்தாலும் மகளுக்குமா?

சரி, கேட்டதற்குப் பதில். .223 கொயோட்டிக்கு அருமை, தோட்டாவும் மலிவு. ஆனால் மானுக்கு மெலிந்தது. கொஞ்சம் தப்பினால் காயத்தோடு ஓடவிட்டு நாள் முழுக்கத் தேட வேண்டும். பழைய 30-30 புதர்க்காட்டில் மானுக்குச் சரி. நம் வெட்டவெளியில் இருநூறு கஜம் தாண்டினால் குண்டு தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நீ வாங்க வேண்டியது .243. கொயோட்டிக்கு எண்பது கிரெய்ன் எடையுள்ள குண்டைப் போடு, மானுக்கு நூறு கிரெய்ன். ஒரே துப்பாக்கி, இரண்டு வேலை. உதையும் ஒரு தட்டு தட்டுவது போலத்தான். மைல்ஸ் சிட்டியில் பழையது கிடைக்கும்.

அலமாரி விஷயத்துக்கு மட்டும் பதில் எழுது. அப்பாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
ஓரின்


சாண்ட்ஸ்டோன் கிரீக்
21 அக்டோபர் 1986

அன்புள்ள ஓரின்,

உன் கடிதம் வந்த அன்று இங்கே முதல் உறைபனி. உனக்கு இருமல் இல்லையே? அப்பா நேற்று ஆப்பிள் பை முழுவதையும் ஒரே ஆளாக முடித்தார்.

மைல்ஸ் சிட்டிக் கடைக்குப் போயிருந்தேன். .243 என்று சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. "உங்க தம்பிக்கு விஷயம் தெரியும்மா" என்றார். நல்லதாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். நான் அதை இடது தோளில் வைத்துப் பார்த்தேன்.

"தோட்டா போட இழுத்துத் திறக்கற இந்த போல்ட்டை இடது பக்கம் வச்ச துப்பாக்கி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு, ஆனா வரவழைக்கணும். விலையும் ஏறும். யாருக்கு, வீட்டுக்காரருக்கா?"

"வீட்டுக்காரரே கிடையாது. முதல்ல துப்பாக்கி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் அந்த விலை எனக்குக் கட்டாது. வலது போல்ட் துப்பாக்கியை இடது தோளில் வைத்துக்கொண்டு, குறுக்கே கையை நீட்டித் திறந்து பார்த்தேன். முடியவில்லை. இடது கைக்காரர்கள் குறைந்த விலையில் என்னதான் செய்கிறார்கள்? மான் பருவம் அடுத்த வாரம் தொடங்குகிறது, சீக்கிரம் எழுது.

வெர்னா


கோடியாக்
3 நவம்பர் 1986

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று தெரிகிறது, கடையில் அவ்வளவு வாயாடியிருக்கிறாயே! எனக்கு இருமல் இல்லை. இன்று மாலை படகு புறப்படுகிறது, நாலு வாரம் கரை காண மாட்டேன்.

இப்போது உண்மையைச் சொல். யார் அந்த இடது கைக்காரன்? ஐந்து வயதிலிருந்து வலது கையால் என் தலையில் குட்டியவள் நீ. பக்கத்துப் பண்ணை லேலண்ட் இடது கையால்தானே சாப்பிடுவார்? அவருக்குக் கல்யாணப் பரிசா? ஒளிக்காதே அக்கா, நான் கோபப்பட மாட்டேன். விருந்துக்கு நண்டு அனுப்புகிறேன்.

யாருக்காக இருந்தாலும் வழி இருக்கிறது. நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி வாங்கு. போல்ட்டே கிடையாது, எந்தக் கைக்கும் பொருந்தும், இருப்பதிலேயே மலிவும் அதுதான். .243-இலும் வருகிறது. ஒரு முறைதான் சுட முடியும். அதனால் என்ன, இரண்டாவது குண்டு இருக்கிறது என்று நினைப்பவன்தான் முதல் குண்டை வீணாக்குவான்.

அலமாரி பற்றி நீ வாயே திறக்கவில்லை. அதனால் நானே அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். "வெர்னா .243 வாங்குகிறாள், நூறு கஜத்தில் குறி சரிபார்க்க உதவுங்கள், வீட்டில் ஐந்து இருக்கும்போது அவள் ஏன் வெளியே வாங்குகிறாள்?" என்று கேட்டிருக்கிறேன். இனி இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு வணக்கம்.

ஓரின்


சாண்ட்ஸ்டோன் கிரீக்
17 நவம்பர் 1986

ஓரின்,

நீ கடலில் இருப்பாய். பத்திரமாகத் திரும்பு.

அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நிஜமாகவே அனுப்பிவிட்டாயா? பெட்டியில் இல்லை, அவர் மேசையிலும் இல்லை. இனிமேல் துப்பாக்கி பற்றி அவருக்கு ஒரு வரிகூட எழுதாதே. காரணம் பிறகு சொல்கிறேன்.

நீ சொன்ன ஒற்றைத் தோட்டா .243 கிடைத்தது. கட்டையில் ஒரு கீறல், அதனால் விலையைக் குறைத்தார்கள். லேலண்ட் வீட்டில் வைத்திருக்கிறேன். அவருக்கு அறுபத்தொன்று, பல் கட்டியிருக்கிறார், உன் நண்டை அவரால் மெல்ல முடியாது.

சனிக்கிழமை மான் அடித்துவிட்டேன். ஓடைக்கு மேல் வேலிக் கம்பத்தின்மீது துப்பாக்கியைச் சாய்த்து, இடது தோளில் கட்டையை வைத்து, இடது கண்ணால் பார்த்தேன். உலகமே தலைகீழாகத் தெரிந்தது. முதல் மானை விட்டுவிட்டேன், கை ஒத்துவரவில்லை. பின்னால் ஒரு பெண் மான் வந்து பக்கவாட்டில் நின்றது. நூற்றிருபது கஜம் இருக்கும். சுட்டேன். நாலு தப்படி ஓடி மடங்கியது. நீ சொன்னது சரி, உதையே தெரியவில்லை. லேலண்ட்தான் வந்து குடலெடுத்து வண்டியில் ஏற்றினார். "ஏம்மா, இவ்வளவு ஒழுங்கா சுட்டுட்டு ஏன் அழற?" என்று கேட்டார். குளிரில் கண் எரிகிறது என்றேன்.

கரைக்கு வந்ததும் எனக்கு எழுது, அவருக்கு அல்ல.

வெர்னா


சாண்ட்ஸ்டோன் கிரீக்
19 நவம்பர் 1986

அன்பு மகன் ஓரினுக்கு,

ஆண்டவர் அருளால் நீ ஆரோக்கியமாக இருப்பாய். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஆட்டுக்கு இந்த ஆண்டு நல்ல விலை. கிணற்று மோட்டார் சரியாக ஓடுகிறது. வைக்கோல் மார்ச் வரை வரும்.

துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவை என்னிடம் இல்லை. ஷெரீப்பின் ஆட்கள் எடுத்துப்போய்விட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன், உனக்காவது தெரிய வேண்டும். ஆகஸ்ட் மாதம் முதல் இந்த வீட்டுக்குள் ஒரு பெண் வந்து போகிறாள். சமைக்கிறாள். என் சட்டைகளை இடம் மாற்றி வைக்கிறாள். பெயர் வெர்னா என்கிறாள். நம் வெர்னா பில்லிங்ஸில் படிக்கப் போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அவள் ஆட்டுக் கொட்டகையிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள். நில் என்றேன். நிற்கவில்லை. .270-ஆல் சுட்டேன். வலது தோளில் பட்டது. சாகவில்லை.

தடுக்கி விழுந்தேன், துப்பாக்கி தானாக வெடித்தது என்று அதிகாரியிடம் அவள் பொய் சொன்னாள். நான்தான் சுட்டேன் என்று நான் இரண்டு முறை சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் கையில் கட்டோடு திரும்பி வந்துவிட்டாள். மறுபடியும் சமைக்கிறாள்.

அவள் வேறு துப்பாக்கி வாங்கியிருக்கிறாள் என்பதைத் தெரிவித்ததற்கு நன்றி. வீட்டில் இல்லை, தேடிவிட்டேன். லேலண்ட் பக்கமிருந்து ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கிறேன்.

குளிருக்கு நன்றாக உடுத்திக்கொள்.

உன் தந்தை,
ஹால்வர்


கோடியாக்
30 நவம்பர் 1986

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று இந்த ஒரு முறை நிஜமாகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? இருக்கிறாயா?

இன்று கரைக்கு வந்தோம். உன் கடிதமும் அப்பாவின் கடிதமும் ஒன்றாகக் காத்திருந்தன. அவர் உறையை முதலில் பிரித்தேன். ஆட்டு விலை, கிணறு, வைக்கோல் என்று படித்துக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பத்தியை மூன்று முறை படித்தேன். அவர் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கிறது அக்கா. ஒரு அடித்தல்கூட இல்லை.

உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார்.

"அப்பா, வெர்னாவைக் கூப்பிடுங்க."

"வெர்னா காலேஜ்ல இருக்கா. நீ யாரு?"

"ஓரின்ப்பா."

"ஓரினுக்குப் பன்னெண்டு வயசு. யார்கிட்ட விளையாடற?" என்று வைத்துவிட்டார்.

மறுபடி போட்டபோது தொடர்பே இல்லை. அங்கே பனிப்புயல், கம்பிகள் அறுந்துவிட்டன என்றாள் ஆபரேட்டர். ஷெரீப் அலுவலகத்தைப் பிடித்துவிட்டேன். "ரோடு மூடியிருக்கு சார், வழி கிடைச்சதும் போறோம்" என்கிறார்கள். இங்கே மூடுபனி, விமானம் கிளம்பவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதாமல் சும்மா இருக்க முடியவில்லை.

இடது கைக்காரன் யார் என்று கேட்டேனே. கல்யாணப் பரிசா என்று கேட்டேனே. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அவரைத் தேட வைத்ததும் நான்தானே.

அந்த வீட்டை விட்டு லேலண்ட் வீட்டுக்குப் போய்விடு. இது உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது, ஆனாலும் போய்விடு.

ஓரின்


சாண்ட்ஸ்டோன் கிரீக்
4 டிசம்பர் 1986

அன்புள்ள ஓரின்,

உயிரோடு இருக்கிறேன். அப்பாவும் இருக்கிறார். நீ முதலில் தேடும் வரி இதுதானே, அதனால் முதலில் எழுதிவிட்டேன். நீ போன் செய்தாய் என்று இன்று வந்த ஷெரீப்பின் டெபுடி சொன்னார். நீ வழியில் இருப்பாய், இது உன் கையில் கிடைக்காமலும் போகலாம். ஆனால் நீ நேரில் வந்து நின்றால் இதை என் வாயால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மதியம். புயல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஆடுகளுக்கு வெந்நீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வாளியோடு கொட்டகையை விட்டு வெளியே வந்தேன். இருபது அடி தூரத்தில் அப்பா நிற்கிறார். தொப்பி இல்லை, தாடியெல்லாம் பனி. கையில் என் .243. லேலண்ட் கன்றுகளைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் வேலியோரமாகவே நடந்து போய், அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்திருக்கிறார். பக்கத்தில் மாட்டியிருந்த என் கோட்டுப் பையில் தோட்டாக்கள் இருந்தன.

"நில்லு" என்றார். நின்றேன். போன முறை நிற்கவில்லை. அப்பாதானே, விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டே நடந்தேன்.

"யாரு நீ?"

வெர்னா என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் மூன்று மாதமாக அவரைக் கோபப்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"நான் வெர்னா இல்லைங்க. வெர்னா அனுப்பின ஆளு" என்றேன்.

குழல் கொஞ்சம் தாழ்ந்தது. "அவளைத் தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும்."

"படிக்கறாளா ஒழுங்கா? சாப்பிடறாளா? கடிதமே போடறதில்ல."

"கையில அடிபட்டிருக்கு. அதான் எழுத முடியல."

"என்ன அடி?"

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை ஓரின். பயத்திலா, ஒருவருக்காவது சொல்ல வேண்டும் என்றா, தெரியவில்லை. "அவளை யாரோ சுட்டுட்டாங்க. வலது தோள்ல" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா செத்த அன்றுகூட அப்படி இல்லை. பிறகு கத்தினார், கொட்டகைக்குள் ஆடுகள் மிரண்டு சுவரில் மோதின. "எவன்? எந்த நாய் என் பொண்ணைச் சுட்டான்? பேரச் சொல்லு! பொறந்ததுலேர்ந்து அவ மேல நான் கை வச்சதில்ல! சொல்லு!"

"தெரியலைங்க. பொழுது சாஞ்ச நேரம். யாருன்னு பாக்கல" என்றேன்.

அவர் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கி மடியில் கிடந்தது. நெருங்கவும் பயம், விட்டுப்போகவும் பயம். கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துப் பார்த்தார். "டூ ஃபார்ட்டி த்ரீ. இது உதைக்காது. அடிபட்ட தோளுக்கு இதுதான் சரி" என்றார், கடைக்காரர் மாதிரி நிதானமாக. இரண்டையும் என்னிடம் நீட்டினார். "இத அவகிட்ட குடுத்துரு. தனியா இருக்கற பொண்ணு. அவன் திரும்பி வந்தா யோசிக்காம சுடச் சொல்லு. அப்பா சொன்னாருன்னு சொல்லு."

வாங்கிக்கொண்டேன். உள்ளே கூட்டிவந்து சூப் கொடுத்தேன். குடித்தார். துப்பாக்கியை லேலண்டிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் படகை விட்டு வந்து அவரை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாய் என்று பயம். இப்போது வா. கையுறை எடுத்து வா, இங்கே பூஜ்யத்துக்கு வெகு கீழே.

வெர்னா


சாண்ட்ஸ்டோன் கிரீக்
11 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்கா,

உன் தோள் ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று பில்லிங்ஸ் டாக்டர் போனில் சொன்னார். வலி எப்படி? ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை விமர்சிக்க ஆரம்பித்துவிட்டாயா? ஆடுகள், நாய், நான், மூவரும் உயிரோடு இருக்கிறோம்.

அப்பாவுக்கு நான் இன்னும் புது வேலைக்காரன்தான். "ஏய், மீன் வாசனைக்காரா" என்று கூப்பிடுகிறார். கோபம் எல்லாம் போய்விட்டது. ஆனால் காலையில் எழுந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், சாலையைப் பார்த்தபடி. உன்னைச் சுட்டவன் வருவானாம். நான் உள்ளே நுழையும்போதெல்லாம், "ஆள் கிடைச்சானா?" என்பதுதான் முதல் கேள்வி. இன்னும் இல்லை என்கிறேன். முதல் தடவை அதைச் சொன்னபோது வெளியே போய் இருட்டும்வரை விறகு பிளந்தேன். இப்போது பழகிவிட்டது என்று எழுத நினைத்தேன், பழகவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கொட்டாவிக்காரக் கொயோட்டி மேட்டில் நின்றது. லேலண்ட் வீட்டில் பூட்டி வைத்திருந்த .243-ஐ எடுத்து வந்தேன், அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது, சுட்டேன். நூற்றைம்பது கஜம், எண்பது கிரெய்ன், ஒரே குண்டு. வேட்டுச் சத்தம் கேட்டு அப்பா செருப்பில்லாமல் பனியில் ஓடி வந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். "புடிச்சிட்டியா? அவனா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கொயோட்டிதான் என்றேன். கையை விட்டுவிட்டார். திரும்பி நடக்கும்போது அவர் முதுகைப் பார்க்க முடியவில்லை அக்கா.

அன்று காகிதம் கேட்டார். உனக்கு எழுதியிருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். இரண்டே வரி: "மகளே வெர்னா, உன்னைச் சுட்டவன் இன்னும் பிடிபடவில்லை. நான் எழுதும்வரை வீட்டுக்கு வராதே."

ஆள் கிடைச்சானா என்று நாளைக்கும் கேட்பார், என்ன சொல்லட்டும்? நீ சொல்.

ஓரின்


பில்லிங்ஸ்
16 பிப்ரவரி 1987

அன்புள்ள ஓரின்,

உன் கடிதமும் அப்பாவின் கடிதமும் வந்தன. தோள் கனக்கிறது, ஆனால் விரல்கள் ஐந்தும் அசைகின்றன. இதை வலது கையால்தான் எழுதுகிறேன், கோழி கொஞ்சம் நேராக நடந்திருக்கிறதா பார். இங்கே சூப்பில் உப்பே இல்லை.

அப்பாவின் இரண்டு வரியைப் படித்ததும் நர்ஸ் ஓடி வரும்படி ஆகிவிட்டது. சத்தம் போட்டு அழுதேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள், "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, எங்கப்பா வீட்டுக்கு வராதேன்னு எழுதியிருக்கார், அவ்வளவு பாசம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். நேராக வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் அப்பாவிடம் ஆள் கிடைத்துவிட்டான் என்று சொல்லிவிடு. யார் என்று கேட்பார். வயதானவர், கண்ணும் நினைவும் சரியில்லை, தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல். என்ன தண்டனை என்று விடாமல் கேட்பார், அவரைத் தெரியுமே. வெர்னா அவரைப் பார்த்தாள், ஒன்றும் செய்ய வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் என்று சொல்.

அவர் பாதங்களைத் துடைத்துவிட்டுக் காலுறை போட்டுவிடு.

வெர்னா